மன்னார் அண்ட் கம்பெனி: மனைவியை ஏமாற்றும் கணவன் பற்றிய நகைச்சுவைப் படங்கள்

மனைவியிடம் பொய் சொல்லி அகப்பட்டுக்கொள்ளும் கணவன், குறும் நகைச்சுவைப் படங்களின் மிகப் பழைய கதைமாந்தர்களுள் ஒருவன். பேசாப்படக் காலத்திலேயே அமெரிக்காவில் இக்கதை பலமுறை படமாக்கப்பட்டது. தமிழில் இவ்வகையின் சிறந்த எடுத்துக்காட்டு தனிக் குறும்படமாக வரவில்லை. ஒரு முழுநீளப் படத்துக்குள் வந்தது. 1959-ல் வெளியான ‘கல்யாண பரிசு’ படத்தில் கே.ஏ. தங்கவேலுவும் எம். சரோஜாவும் நடித்த நகைச்சுவைப் பகுதியே அது. அதில் இடம்பெற்ற ‘மன்னார் அண்ட் கம்பெனி’ என்ற பெயர், இல்லாத நிறுவனத்தைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவே தமிழில் நிலைத்துவிட்டது.

இவ்வகைப் படங்களில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது, வீட்டின் வரவு செலவு யாருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்தது. கணவனின் வேலையும் வருமானமும் மனைவியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தால்தான் மன்னார் அண்ட் கம்பெனி போன்ற ஒரு பொய் நிற்க முடியும். கணவன் பிடித்த மீனை மனைவியே விற்கும் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். இக்கட்டுரை அந்த ஒப்பீட்டின் வழியே இந்த நகைச்சுவையின் நிறைகுறைகளை ஆராய்கிறது.

கதையின் பொது அமைப்பு

இவ்வகைக் கதைகளுக்கு நான்கு படிகள் உண்டு. முதலில் கணவனுக்கு ஓர் ஆசையோ ஒரு குறையோ இருக்கும். சீட்டாட வேண்டும், குடிக்க வேண்டும், நண்பர்களோடு ஊர் சுற்ற வேண்டும் என்பவை ஆசைகள். வேலையில்லை என்பது குறை. அடுத்து அதை மறைக்க ஒரு பொய் சொல்வான். மூன்றாவதாக, அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேறு பொய்கள் தேவைப்படும். கடைசியில் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்படும்.

இந்த நான்கு படிகளுக்குப் பத்து அல்லது இருபது நிமிடம் போதும். ஆகவே இக்கதை குறும்படத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. நீளம் கூடினால் சிக்கல் வரும். ஏமாற்றப்படும் மனைவியின் துன்பத்தைப் பார்வையாளர் எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் சிரிப்பு நின்றுவிடும். அந்த எண்ணம் எழுவதற்கு முன்பே கதையை முடித்துவிடுவதுதான் குறும்படத்தின் உத்தி.

இதில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சில படங்களில் கணவன் பொய் சொல்கிறான் என்பது மனைவிக்கு முன்பே தெரிந்துவிடும். அவள் தெரிந்தும் தெரியாததுபோல இருந்து அவனை மாட்டிவிடுவாள். வேறு சில படங்களில் அவள் கடைசிவரை நம்புவாள். முதல் வகையில் பார்வையாளர் மனைவியோடு சேர்ந்து கணவனைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டாம் வகையில் கணவனோடு சேர்ந்து மனைவியைப் பார்த்துச் சிரிக்கும் ஆபத்து இருக்கிறது.

தமிழ் இலக்கியத்தில் முன்னோடி

கணவன் பொய் சொல்வதும் மனைவி அதை உடைப்பதும் தமிழுக்குப் புதியவை அல்ல. கலித்தொகையின் மருதக்கலியில் இக்காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. இப்பாடல்களைப் பாடியவர் மருதன் இளநாகனார் என்பர். பரத்தையின் வீட்டிலிருந்து திரும்பும் தலைவன், தாமதத்துக்கு ஒவ்வொரு பாடலிலும் ஒவ்வொரு காரணம் சொல்கிறான். குறும்பூழ்ப் போர் பார்த்தேன் என்பான் ஒரு நாள். புதிய குதிரை ஏறினேன் என்பான் மற்றொரு நாள். யானையைப் பார்த்தேன், வையையில் புதுப்புனல் ஆடினேன் என்றும் சொல்வான்.

தலைவி இவற்றை நேரடியாக மறுப்பதில்லை. அவன் சொன்ன குதிரையையே எடுத்துக்கொண்டு, அந்தக் குதிரை யார் என்பது தனக்குத் தெரியும் என்று உணர்த்தும் வகையில் அதன் அணிகளையும் நடையையும் விவரிப்பாள். குதிரையைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். பேச்செல்லாம் பரத்தையைப் பற்றியதாக இருக்கும். தலைவனின் பொய்யே அவனுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. ஒரு சிறு நாடகக் காட்சிக்கு வேண்டிய எல்லாம் இப்பாடல்களில் உள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தலைவி அறிந்தவள். சிரிப்பு அவள் பக்கம் இருக்கிறது. மற்றொன்று, இக்கதை மருதத் திணைக்கு உரியது. வயலும் விளைச்சலும் ஓய்வும் உள்ள வீட்டில்தான் தலைவன் எங்கே போனான் என்பது தெரியாமல் இருக்க முடியும். நெய்தல் திணையின் பெண்கள் பெரும்பாலும் தொழிலில் இருக்கிறார்கள். மீன் உணக்குகிறார்கள், அதைக் கவர வரும் பறவைகளை ஓட்டுகிறார்கள். மீனைக் கொடுத்து நெல் பெறும் பெண்களையும் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பொய் சொல்லும் கணவனும் ஊடும் மனைவியும் மருதத்தின் மாந்தர்களாகவே இருந்தது தற்செயல் அல்ல.

மௌனப் படங்களும் தொடக்கப் பேசும் படங்களும்

அமெரிக்கக் குறும்படங்களில் மூன்று இங்கே ஒப்பிடத்தக்கவை.

முதலாவது, 1912-ல் விட்டாகிராஃப் நிறுவனம் வெளியிட்ட ‘எ கியூர் ஃபார் போக்கரைட்டிஸ்’. லாரன்ஸ் டிரிம்பிள் இயக்கிய இந்த ஒரு ரீல் படத்தில் ஜான் பன்னியும் ஃப்ளோரா ஃபின்ச்சும் கணவன் மனைவியாக நடித்தனர். பன்னி பருத்த உடலும் சிரித்த முகமும் உள்ளவர், ஃபின்ச் ஒல்லியானவர். இந்த இணை அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தது. சீட்டாட்டத்தை விட்டுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்த கணவன், ஒரு சங்கத்தில் சேர்ந்திருப்பதாகப் பொய் சொல்லி வாரந்தோறும் சீட்டாடப் போகிறான். தூக்கத்தில் உளறி மாட்டிக்கொள்கிறான். மனைவி தன் உறவினன் ஒருவனின் உதவியை நாடுகிறாள். அவனுடைய விவிலிய வகுப்பு நண்பர்கள் போலீஸ் வேடமிட்டுச் சீட்டாடும் இடத்தில் ‘சோதனை’ நடத்துகிறார்கள். பின்னாலேயே மனைவிமார் வந்து நிற்கிறார்கள். கணவனின் பொய்ச் சங்கத்துக்கு மனைவியின் பொய்ப் போலீஸ் பதிலாகிறது. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2011-ல் இப்படம் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, சார்லி சாப்ளினின் ‘பே டே’. 1922-ல் வந்த இப்படம் சாப்ளினின் கடைசி இரண்டு ரீல் படம். இதில் அவர் கட்டடத் தொழிலாளி. சம்பள நாளன்று மனைவி (ஃபிலிஸ் ஆலன்) வேலையிடத்துக்கே வந்து காத்திருக்கிறாள். அவன் பணத்தில் ஒரு பகுதியை ஒளிக்கப் பார்க்கிறான், அவள் கண்டுபிடிக்கிறாள். இருந்தும் எப்படியோ கொஞ்சம் பணத்தோடு நழுவிக் குடித்துவிட்டு, விடியும் நேரத்தில் வீடு திரும்புகிறான். படுக்கைக்குள் நுழையப் போகும்போது கடிகாரம் அலறுகிறது. உடனே, அப்போதுதான் எழுந்து வேலைக்குக் கிளம்புபவன்போல நடிக்கிறான். வேலைக்கு அனுப்பப்பட்ட பிறகு, குளியல் தொட்டியில் படுத்துத் தூங்கப் பார்த்தால் அது தண்ணீர் நிறைந்த தொட்டி. இங்கே மனைவி வாசலில் நின்று சம்பளத்தைக் கணக்குப் பார்ப்பவள். பெரிய பொய்க்கு இடமே இல்லை. சில்லறைப் பொய்தான் சாத்தியம்.

மூன்றாவது, லாரல்–ஹார்டி நடித்து 1930-ல் வந்த ‘பிளாட்டோ’. இயக்கியவர் ஜேம்ஸ் பாரட். அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம் அது. லாரல் வெளியே போவதற்காகத் தனக்குத்தானே ஒரு தந்தி வரவழைக்கிறான். மனைவி (அனிதா கார்வின்) ஒளித்துவைத்திருக்கும் மது பாட்டிலை எடுத்துப்போவதுதான் திட்டம். இதைத் தொலைபேசியில் நண்பனோடு பேசும்போது, மற்றொரு இணைப்பில் மனைவி கேட்டுவிடுகிறாள். மதுவைக் கொட்டிவிட்டு, ஆறிய தேநீரையும் காரப் பொருள்களையும் கலந்து பாட்டிலில் நிரப்பி வைக்கிறாள். நண்பர்கள் இருவரும் கேளிக்கை விடுதியில் அந்தத் தேநீரைக் குடித்துப் ‘போதை’ ஏறிச் சிரிக்கிறார்கள். அது தேநீர் என்று மனைவி வந்து சொன்ன நொடியில் போதை இறங்குகிறது.

மூன்று படங்களிலும் மனைவி அறிந்தவள். அவளை ஏமாற்ற முடியவில்லை என்பதே நகைச்சுவை. கணவன் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறான். தேநீரில் போதை ஏறுவது இதற்குச் சரியான படிமம். ஆனால் இப்படங்களுக்கும் ஒரு குறை உண்டு. மனைவி பெரும்பாலும் கடுகடுப்பானவளாக, கையில் உருட்டுக்கட்டையோ துப்பாக்கியோ உடையவளாகவே காட்டப்படுகிறாள். அவளுக்கு அறிவைக் கொடுத்த படங்கள் அவள் மீது அன்பு தோன்ற இடம் கொடுக்கவில்லை.

தமிழில் குறும் நகைச்சுவைப் படங்கள்

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் சிறு நகைச்சுவைப் படங்கள் தனியே எடுக்கப்பட்டு, முதன்மைப் படத்தோடு சேர்த்தோ, சில ஒன்றாகக் கோக்கப்பட்டோ திரையிடப்பட்டன. 1939-ல் வந்த ‘சிரிக்காதே’ இவ்வாறு சிறு நகைச்சுவைகளைத் தொகுத்த படம். இந்த முறை நெடுங்காலம் நீடிக்கவில்லை.

மாறாக, முழுநீளப் படத்துக்குள்ளேயே தனிக் கதையாக நகைச்சுவைப் பகுதி அமைக்கும் முறை வேரூன்றியது. இதற்கு வழிவகுத்தவர் என்.எஸ். கிருஷ்ணன். அவரும் டி.ஏ. மதுரமும் நடித்த பகுதிகள் முதன்மைக் கதையிலிருந்து பிரித்துப் பார்த்தாலும் பொருள்படும்படி இருந்தன. ஆகவே தமிழில் குறும் நகைச்சுவைப் படத்தைத் தேடுபவர், முழுநீளப் படங்களுக்குள் இருக்கும் இப்பகுதிகளைத்தான் பார்க்க வேண்டும். இன்று தொலைக்காட்சியிலும் இணையத்திலும் இவை வெட்டித் தனியே காட்டப்படுகின்றன. முழுப் படத்தைப் பார்க்காத இளைஞர்கள்கூட இவற்றைக் குறும்படங்களாகவே அறிந்திருக்கிறார்கள்.

மன்னார் அண்ட் கம்பெனி

‘கல்யாண பரிசு’ 1959 ஏப்ரலில் வெளியானது. வீனஸ் பிக்சர்ஸ் தயாரிப்பு. கதை வசனம் எழுதுபவராக அறியப்பட்டிருந்த ஸ்ரீதர் இயக்கிய முதல் படம் இது. ஜெமினி கணேசன், பி. சரோஜாதேவி, சி.ஆர். விஜயகுமாரி, ஏ. நாகேஸ்வர ராவ் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். இசை ஏ.எம். ராஜா, பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

நகைச்சுவைப் பகுதியின் நாயகன் சம்பத் (தங்கவேலு). அவன் மனைவி மாலதி (எம். சரோஜா). சம்பத்துக்கு வேலை இல்லை. அதை மறைத்து, மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதாக மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறான். அந்தப் பொய் போதாமல், புகழ்பெற்ற எழுத்தாளர் பைரவன் தான்தான் என்றும் சொல்லிவிடுகிறான். பைரவனின் கதைகளைப் படிக்கும் மாலதிக்கு இது பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமையே சம்பத்துக்கு நெருக்கடியாகிறது. எழுத்தாளன் என்றால் வாசகர் இருப்பார்கள், கூட்டம் இருக்கும், பாராட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் அவன் பதில் சொல்ல வேண்டும்.

பாராட்டுக் கூட்டத்தில் நடந்ததை வீட்டுக்கு வந்து மனைவிக்கு விவரிக்கும் காட்சி இப்பகுதியின் உச்சம். நடந்தது வேறு, சொல்வது வேறு என்பது பார்வையாளருக்குத் தெரியும். மாலதிக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு விவரத்தையும் ஆவலோடு கேட்கிறாள். அவள் கேட்கக் கேட்க அவன் ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. சந்தேகப்படும் மனைவியைவிட நம்பும் மனைவி ஒரு பொய்யனுக்கு அதிகத் தொல்லை தருவாள் என்பதை ஸ்ரீதர் கண்டுகொண்டிருக்கிறார். சந்தேகப்படுபவளிடம் கோபித்துக்கொண்டு பேச்சை முடித்துவிடலாம். நம்புபவளிடம் அது முடியாது.

தங்கவேலுவின் நடிப்பு இதற்கு ஏற்றது. ‘டணால்’ தங்கவேலு என்று அழைக்கப்பட்ட அவர் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். உடலை வளைத்துச் சிரிக்க வைப்பதைவிடக் குரலால் சிரிக்க வைப்பவர். பொய்யை உரத்த குரலில் தொடங்குவார். நடுவில் வார்த்தை அகப்படாமல் ஒரு கணம் நிறுத்துவார். பிறகு வேகமாகக் கடந்துவிடுவார். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் தெரிவது தந்திரம் அல்ல, பயம். அதனால்தான் சம்பத்தை வெறுக்க முடிவதில்லை. எம். சரோஜாவின் பங்கு பலரால் போதிய அளவு பேசப்படவில்லை. அவர் நகைச்சுவை செய்வதாகக் காட்டிக்கொள்வதே இல்லை. உண்மையாகவே கேட்கும் ஒரு மனைவியாக இருக்கிறார். அவர் கேட்காவிட்டால் தங்கவேலுவின் பேச்சுக்கு வேலை இல்லை. இவ்விருவரும் பின்னர் வாழ்க்கையிலும் கணவன் மனைவி ஆயினர்.

சம்பத்தின் பொய்க்கும் அமெரிக்கப் படங்களின் பொய்க்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான். பன்னி சீட்டாடப் பொய் சொல்கிறார். சாப்ளினும் லாரலும் குடிக்கப் பொய் சொல்கிறார்கள். அவை ஆசையின் பொய்கள். சம்பத் வேலையில்லாததை மறைக்கப் பொய் சொல்கிறான். அது வெட்கத்தின் பொய். கம்பெனி வேலையும் எழுத்தாளன் என்ற பெயரும் அக்கால நடுத்தர வகுப்பு மதித்த இரண்டு அடையாளங்கள். அவை இரண்டுமே இல்லாத ஒருவன், மனைவியின் பார்வையில் தாழ்ந்துவிடக் கூடாது என்று இரண்டையும் இரவல் வாங்குகிறான். வேலை தேடி அலையும் இளைஞர்கள் நிறைந்த ஒரு சமூகம் இந்தப் பொய்யைத் தன்னுடையதாக உணர்ந்ததில் வியப்பில்லை. நிறுவனத்தின் பெயர் வழக்குச் சொல்லாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

முதன்மைக் கதையோடு உள்ள தொடர்பு

இப்பகுதியைத் தனியே வெட்டிப் பார்ப்பவர்கள் இழப்பது ஒன்று உண்டு. படத்தின் முதன்மைக் கதையும் ஒரு கணவன் மனைவியிடம் மறைப்பதைப் பற்றியதே. பாஸ்கரும் வசந்தியும் காதலிக்கிறார்கள். வசந்தியின் அக்கா கீதாவும் பாஸ்கரை விரும்புவது தெரிந்ததும், வசந்தி தன் காதலை விட்டுக்கொடுத்து அக்காவுக்கு அவனை மணமுடிக்க வைக்கிறாள். இருவரும் இதைக் கீதாவிடம் மறைக்கிறார்கள். நல்லெண்ணத்தால் மறைத்த அந்த உண்மை குடும்பத்தையே அரிக்கிறது. கீதா நோயுற்று இறக்கிறாள். கடைசியில் பாஸ்கர் தன் குழந்தையை வசந்தியிடம் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

சம்பத் மறைப்பது சிரிப்பாகவும் பாஸ்கர் மறைப்பது அழுகையாகவும் முடிகின்றன. இரண்டிலும் மனைவி அறியாதவள். இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால், சம்பத்–மாலதி பகுதி வெறும் இடைச்செருகல் அல்ல என்பது விளங்கும். பொய் வெளிப்பட்டபின் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ள முடியும் என்று நகைச்சுவைப் பகுதி சொல்கிறது. பிழைக்க முடியாமலும் போகலாம் என்று முதன்மைக் கதை சொல்கிறது. பின்னது இருப்பதால்தான் முன்னதைப் பார்த்து மனம் உறுத்தாமல் சிரிக்க முடிகிறது.

பழவேற்காட்டிலிருந்து பார்த்தால்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு உள்ளது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது. கரையோர மீனவ ஊர்கள் இறால், நண்டு, மடவை முதலியவற்றைப் பிடித்து வாழ்கின்றன.

இங்கே ‘பாடு’ என்ற முறை வழிவழியாக உள்ளது. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்கள் குறைவு. ஆகவே எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊரார் கூடிச் சீட்டுக் குலுக்கிச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பேர்போனவை. ஆய்வாளர்கள் இதைப் பொதுச் சொத்தைச் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்வதற்கான எடுத்துக்காட்டாகப் பேசுவார்கள். இங்கே வேண்டியது அதன் மற்றொரு விளைவு. இன்று யாருக்குப் பாடு என்பது ஊருக்கே தெரியும். அன்று வேலைக்குப் போனேன் என்று பாடு இல்லாதவன் பொய் சொல்ல முடியாது. பாடு உள்ளவன் போகாமல் இருந்தாலும் மறைக்க முடியாது.

கரை சேர்ந்த பிறகும் அப்படித்தான். மீன் கரையிலேயே பலர் முன்னிலையில் ஏலம் போகும், அல்லது பெண்கள் கூடையில் எடுத்துச் சென்று விற்பார்கள். எவ்வளவு பட்டது, என்ன விலை போனது என்பதைக் கணவனைவிட மனைவி நன்றாக அறிவாள். பல வீடுகளில் காசு முதலில் அவள் கைக்கு வந்து பிறகுதான் அவன் கைக்குப் போகும். இப்படிப்பட்ட ஊரில் மன்னார் அண்ட் கம்பெனியைத் தொடங்க முடியாது. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவனின் வலை காய்ந்து கிடந்தால் பொழுது சாய்வதற்குள் சங்கதி தெரிந்துவிடும்.

மீனவ ஊர்க் கணவர்கள் பொய்யே சொல்லமாட்டார்கள் என்பது இதன் பொருள் அல்ல. அங்கே சாத்தியமான பொய் சாப்ளினின் பொய். பட்ட மீனில் கொஞ்சத்தைக் கரையிலேயே தள்ளிவிட்டு அந்தக் காசைக் குடிக்க ஒதுக்கலாம். வாசலில் நின்று சம்பளத்தை எண்ணும் ‘பே டே’ மனைவியும், கூடையை இறக்கிவைத்து மீனை எண்ணும் ஏரிக்கரை மனைவியும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அவளைக் கொடுமைக்காரியாகக் காட்டும் படம், அவள் ஏன் வாசலுக்கு வந்தாள் என்று கேட்பதில்லை. கணக்குப் பார்க்காவிட்டால் அன்றைக்கு உலை கொதிக்காது என்பதை அறிந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் சற்றுத் தயங்குவார்கள்.

இந்த ஒப்பீடு மாலதியைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துகிறது. அவளை ஏமாளி என்று சொல்வது வழக்கம். அவள் அறிவில் குறைந்தவள் அல்ல. கதைகள் படிப்பவள், கேள்வி கேட்பவள். கணவனின் வேலையைக் கண்ணால் காணும் வழி அவளுக்கு இல்லை என்பதுதான் உண்மை. அலுவலகம் எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது, என்ன சம்பளம் என்பதையெல்லாம் அவன் சொல்லித்தான் அவள் அறிய வேண்டும். கணவன் வெளியே, மனைவி உள்ளே என்று பிரிந்த குடும்ப அமைப்பே அவளை ஏமாளியாக்குகிறது. அதே மாலதி ஏரிக்கரையில் கூடையோடு நின்றிருந்தால் சம்பத்தின் பொய் ஒரு நாள்கூட நின்றிருக்காது.

பழவேற்காட்டுப் பகுதியிலும் நிலைமை மாறி வருகிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்துள்ளன. மீன்பிடியை விட்டு ஒப்பந்த வேலைகளுக்குச் செல்லும் இளைஞர்கள் உண்டு. அவ்வேலையின் கணக்கு கரையில் ஏலம் விடப்படுவதில்லை. எத்தனை நாள் வேலை இருந்தது, எவ்வளவு பிடித்தம் போனது என்பது வீட்டுக்குத் தெரிய வேண்டுமானால் வேலைக்குப் போனவர்தான் சொல்ல வேண்டும். மன்னார் அண்ட் கம்பெனி இன்று அங்கேயும் திறக்கப்படலாம்.

பிற்கால வடிவங்கள்

இல்லாத நிறுவனம் என்ற கருவை ஸ்ரீதர் மீண்டும் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் கையாண்டார். நாகேஷின் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ அது. அங்கே சமாளிக்கப்படுபவர் மனைவி அல்ல, பணம் வைத்திருக்கும் தந்தை (டி.எஸ். பாலையா). பணமும் அதிகாரமும் உள்ளவரை ஏய்க்கப் பார்ப்பதால் சிரிப்பில் உறுத்தல் இல்லை.

தங்கவேலு–சரோஜா இணை ‘அறிவாளி’ (1963) படத்தில் பாத்திரங்களை மாற்றிக்கொண்டது. பூரி செய்யக் கற்றுக்கொடுக்கும் கணவனிடம், எல்லாம் முன்பே தெரியும் என்று சொல்லிக்கொண்டே கேட்கும் மனைவியாக எம். சரோஜா நடித்தார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது இம்முறை மனைவியின் வேலை. ‘கல்யாண பரிசு’க்கு இது ஒரு பதில்போல அமைந்தது.

பாலு மகேந்திராவின் ‘ரெட்டை வால் குருவி’ (1987), ‘சதி லீலாவதி’ (1995), கே.எஸ். ரவிக்குமார் இயக்கிய ‘பஞ்சதந்திரம்’ (2002) ஆகியவை இக்கருவை முழுநீளப் படமாக விரித்தன. இவற்றில் ‘சதி லீலாவதி’ தனித்து நிற்கிறது. ஏமாற்றப்பட்ட மனைவியின் (கல்பனா) வருத்தத்தை அது மறைக்கவில்லை. நகைச்சுவைக்குப் பெரும்பகுதி கணவனின் தவிப்பையே பயன்படுத்துகிறது.

மதிப்பீடு

மருதக்கலித் தலைவியும் அமெரிக்கக் குறும்பட மனைவியரும் அறிந்தவர்கள். அவர்களை ஏமாற்ற வந்தவன் தோற்கிறான். மாலதி அறியாதவள். அந்த அளவில் ‘கல்யாண பரிசு’ நகைச்சுவை ஒரு படி பின்னால் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். இப்பகுதியைப் பார்த்து வளர்ந்த பிற்கால நகைச்சுவைகள் பல, கணவனின் வெட்கத்தை விட்டுவிட்டு மனைவியின் அறியாமையை மட்டும் எடுத்துக்கொண்டன. மனைவி என்றாலே எதையும் நம்புபவள், அல்லது எதற்கும் அடிப்பவள் என்ற இரண்டு அச்சுகள் தமிழ்த் திரையில் நிலைத்தன. இப்பழியில் ஒரு பங்கு முன்மாதிரிக்கும் உண்டு.

ஆயினும் அசல் அசலாகவே இருக்கிறது. சம்பத் மாலதியை இழிவுபடுத்த ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவள் மதிப்பை இழந்துவிடுவோமோ என்ற பயமே அவனை அடுத்தடுத்த பொய்களுக்குத் தள்ளுகிறது. மனைவியின் மதிப்பு பெரிது என்று எண்ணும் ஒருவனைப் பற்றிய நகைச்சுவை இது. வேலையில்லாதவனைப் பார்த்துச் சிரிக்காமல், வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வைக்கும் வெட்கத்தைப் பார்த்துச் சிரிக்க வைத்தது இதன் சாதனை. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் மாலதி என்ன செய்திருப்பாள் என்ற கேள்வியைச் சம்பத் ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. படமும் அதைக் கேட்கவில்லை. இன்று இப்பகுதியைப் பார்க்கும் மாணவர்கள் அக்கேள்வியோடு பார்த்தால் நகைச்சுவை குறையாது, எம். சரோஜாவின் முகத்தைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.